காது உயரம்

2025 ஜூலை 3, வியாழன்

கார்மென்ட்ஸ் யூனிட்டில் இன்று முழுக்கக் காலர் அளவு பார்க்கிற வேலை. கழுத்தில் இன்ச் டேப்போடு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். ஹெப்பகோடி ஸ்டாப்பில் ஒரு அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தர்ஷினிக்கு என்ன வந்தது என்று புரியவில்லை. அடுப்படியில் நான் நின்றால் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பேசுவதில்லை. கடைக்கண்ணால் என் முகத்தைப் பார்க்கிறாள். என்னடி என்றால், "சும்னேதான் சித்தி" என்று சும்மாவைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். இந்த வீட்டுக்கு நான் வந்து மூன்று வருடம். ஒருநாளும் தானாக என் பக்கத்தில் வந்து நின்றவள் இல்லை. எதற்கோ ஐஸ் வைக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஐஸ் எதற்கென்று தெரிந்துவிட்டது. சிநேகிதி லாவண்யாவுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். நாலு பெண்களுமாக வாட்டர் பார்க் போக வேண்டுமாம். பெரியவர்கள் யாரும் கூட வரக்கூடாதாம். பதிமூன்று வயது! நீச்சல் தெரியாது. பார்க் எங்கேயோ மைசூர் ரோட்டில். லாவண்யா போன் போட்டு விசாரித்துவிட்டாளாம்: "உள்ள வயசெல்லாம் கேக்க மாட்டாங்க சித்தி. உயரம்தான் பாப்பாங்க."

யோசிக்கலாம் என்றார் இவர். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவள், "அம்மா அப்பவே ஓகே சொல்லிட்டாப்பா. 'என் காது வரைக்கும் நீ வளந்துட்டா ஃப்ரெண்ட்ஸோட தனியா போ'ன்னு சொன்னா" என்றாள்.

அம்மா என்றால் நான் இல்லை. சுவரில் மாலையோடு இருக்கிற விஜி அக்கா. இவருடைய முதல் மனைவி. போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அக்கா என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. வாய்த்தது இது.

ஜூலை 7, திங்கள்

போகாதே என்றால் நான் மாற்றாந்தாய். போ என்றால் அது விஜி அக்கா கொடுத்த வாக்கு. நடுவில் நான் யார்?

ஜூலை 10, வியாழன்

சாப்பிடும்போது தர்ஷினி கேட்டாள்: "அப்பா, அம்மா எவ்ளோ ஹைட்டு?"

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார். இடது கை தானாகப் போய் மோவாய்க்குக் கீழே நின்றது. "இங்க. அவ உச்சந்தல கரெக்டா இங்க இடிக்கும்." யோசிக்கவே இல்லை. அந்தக் கைக்கு இடம் தெரிந்திருக்கிறது.

"நான் எங்க வருவேன்?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

யோசித்தார்! ஃபேனைப் பார்த்தார். "நீயும்... தோள் பக்கம் வருவ" என்றார்.

வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். வெளியில் சொல்லத்தான் முடியாது, இங்கே எழுதிக்கொள்ளலாம் அல்லவா? படுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

சட்டை தைக்க அளவு வேண்டும் என்று இவரை நிற்கவைத்து, தரையிலிருந்து மோவாய் வரை டேப் பிடித்தேன். "சட்டைக்கு எதுக்கு கால்லேருந்து அளக்குற?" என்றார். "புது மாடல், பேசாம நில்லுங்க" என்றேன். பிறகு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கட்டையில் சாய்ந்து என் உயரத்தை அளந்தேன்.

ஒரே உயரம். நூல் பிசகவில்லை. இவர் மோவாய்க்குக் கீழே என் தலையும் அதே இடத்தில்தான் இடிக்கும். இந்த மூன்று வருடத்தில் மனுஷனுக்கு அது தெரியவில்லை.

அப்படியென்றால் தர்ஷினியை என் பக்கத்தில் நிறுத்தினால் போதும், விஜி அக்கா காது வரை வளர்ந்துவிட்டாளா என்று தெரிந்துவிடும். நிறுத்தமாட்டேன். யாரிடமும் சொல்லவும் மாட்டேன். அக்கா கொடுத்த வாக்கை என் உடம்பை வைத்து எதற்கு நிறைவேற்ற வேண்டும்?

ஜூலை 20, ஞாயிறு

முடியாது என்று சொல்லிவிட்டேன். என் காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். அலை அடிக்கிற குளத்தில் கூட்டம் ஆளைச் சாய்த்துவிடும். போனை லாக்கரில் வைத்துவிட்டால் எப்படிப் பிடிப்பது? எவனாவது பின்னாலேயே வந்தால்? இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அம்மா இருந்திருந்தா விட்டிருப்பா" என்றாள்.

"அப்படியா? போய் உங்கம்மா காது எங்க இருக்குன்னு அளந்துட்டு வா. அனுப்புறேன்."

ஐயோ. என் வாயிலிருந்துதான் வந்துச்சு. அந்தப் புள்ள அழக்கூட இல்ல. போட்டோவ ஒரு தடவ நிமிந்து பாத்துட்டு ரூமுக்குள்ள போயிடுச்சு. என்ன பொம்பள நான்?

ஜூலை 23, புதன்

அவள் அடுப்படிக்கு வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கூட நான் நகர்ந்த பிறகு வந்து எடுக்கிறாள். பக்கத்தில் வந்து நின்றபோது என்னடி என்னடி என்று விரட்டினேனே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. விஜி அக்காவுக்குப் படையல். சுமங்கலியாகப் போனவள் என்பதால் வருடாவருடம் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவோம். கும்பிட்ட பிறகு அதை நான் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள், எனக்குக் கொஞ்சமும் எடுக்காத நிறம். போன வருடம் இதற்காக பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

தோளில் சேஃப்டி பின் குத்த வரவில்லை. தர்ஷினி எங்கிருந்தோ வந்து என் கையிலிருந்து பின்னை வாங்கினாள். பீரோக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். அவள் உச்சி என் காதைத் தாண்டியிருந்தது.

"வளந்துட்ட" என்றேன். வேறு என்ன சொல்வது?

"போன மாசமே வந்துட்டேன் சித்தி."

"எங்க வந்துட்ட?"

"உங்க காதுக்கு. எனக்கு அம்மா ஹைட் ஞாபகம் இல்ல. அதான் கிச்சன்ல உங்க பக்கத்துல நின்னு நின்னு பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டி சொல்லல? அம்மா வாக்கு, போறேன்னு நிக்க வேண்டியதுதான?"

"உங்க காதுதான சித்தி அது. நீங்கதான சொல்லணும்."

பின்னைக் குத்திவிட்டு, மடிப்பை நீவிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போ என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். கூடவே என் சட்டதிட்டமும்: நாலு பேரும் பிரியக்கூடாது, பாத்ரூமுக்குக்கூட. அலைக்குளத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீருக்குப் போகக்கூடாது. ஒரு மணிக்கு லாக்கரைத் திறந்து எனக்குப் போன். சாயங்காலம் அப்பா கேட்டில் நிற்பார். "சரி சித்தி, சரி சித்தி" என்று குதித்தாள். எதைக் காதில் வாங்கினாளோ.

ஆகஸ்ட் 9, சனி

மணி ஒன்று தாண்டியும் போன் வரவில்லை. யூனிட்டில் ஒரு காலரைத் தலைகீழாகப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். விஜி அக்கா, நீதான வாக்குக் குடுத்த, நீ பாத்துக்க — மனதுக்குள் அவளோடுதான் சண்டை. பிறகு போன் வந்தது. "கியூல மாட்டிக்கிட்டோம் சித்தி, சாரி சாரி!" பின்னால் மற்ற மூன்றும் ஒரே கூச்சல். இவளும் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பை வீட்டில் நான் கேட்டதே இல்லை. லாவண்யாமேல்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. போகட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முகமெல்லாம் கறுத்துப்போய்க் காலையில் அடுப்படிக்கு வந்தாள். பால் வைத்திருந்தேன். எந்தச் சறுக்கலில் யார் அலறினார்கள், லாவண்யா எங்கே செருப்பைத் தொலைத்தாள் என்று ஓயாமல் பேச்சு. அலைக்குளத்தில் இடுப்பளவுதான் என்று சத்தியம் செய்தாள். நம்பவில்லை.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஏனோ சொல்லிவிட்டேன். "தர்ஷினி, உங்கம்மாவும் நானும் ஒரே உயரம். அப்பாவ நிக்கவெச்சு அளந்து பாத்தேன்."

கிட்டே வந்தாள். இந்த முறை கடைக்கண் பார்வை இல்லை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தலையை என் காதோடு சாய்த்தாள்.

"இவ்ளோதான் இருந்தாளா அம்மா?" என்றாள். "எனக்கு ரொம்பப் பெருசா ஞாபகம்."

யாரோடு சாய்ந்து நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கையை நீட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம். நான் அசையவில்லை.