பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாறும் பாதிப் புத்தகம்

உனக்கு,

விடுதி அறையில் பையைப் பிரித்ததும் எலுமிச்சை வாசனை வந்தது. போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போனபோது உன் அம்மா கொடுத்த பாதிப் புத்தகம்தான். அவர் எலுமிச்சம்பழப் பையிலேயே போட்டு எடுத்து வருவதால் தாளெல்லாம் அந்த வாசனை ஏறிவிட்டது. அறையில் உடன் இருப்பவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவளுக்கு நுழைவுத் தேர்வுப் புத்தகம் எதற்கு, அதுவும் பாதி, என்று கேட்டாள். பதில் சொல்வதென்றால் உன்னிடமிருந்து தொடங்க வேண்டும். அவளிடம் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பிளஸ் டூ முடித்த வருடம் நாம் இரண்டு பேரும் நீட் எழுதிக் கோட்டை விட்டோம். எனக்கு அழுகை வந்தது, உனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டேன். புத்தகத்தின் மேல் என்றாய். யாரோ கொடுத்த வழவழப்பான கைடு அது. பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், கட்டம் போட்ட குறிப்பு. "படிச்சதெல்லாம் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சி பாரு, அதாண்டி தப்பு" என்றாய். இன்னொரு முறை எழுத இரண்டு வீட்டிலும் ஒரே ஒரு வருடம்தான் கொடுத்தார்கள். அதிலும் கிடைக்காவிட்டால் நீ நர்சிங் சேர்வது என்று உன் அம்மா முடிவு செய்திருந்தார். என் வீட்டில் ஜாதகத்தையே வெளியில் எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை புத்தகத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நீ சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

தேரடி வீதிக் கடையில் நீ பண்ணிய கூத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைக்காரர் முதலிடம் பிடித்தவர்களின் முகங்கள் அச்சான அட்டைகளை வரிசையாக எடுத்துப் போட்டார். டாப்பர் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். "அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்ண்ணா. எனக்குப் புரியுதான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் கழிவுநீக்கப் பாடத்தைத் திறந்தாய். சிறுநீரகம் உனக்குச் சுத்தமாக வராது. தெரிந்த பாடத்தைத் திறந்தால் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகமாகத்தான் தெரியும், வராததைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது உன் கட்சி. நின்றுகொண்டே படித்தாய். புரியாததை மூடி ஓரமாக வைத்தாய். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

கடைசியில் நீ எடுத்தது, படமே இல்லாத, சாணித்தாள் மாதிரி தாளில் அச்சடித்த ஓர் உயிரியல் திருப்புதல் புத்தகம். அட்டையைப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். மற்ற இரண்டு பாடத்துக்கும் பள்ளிப் புத்தகமே போதும், இது மட்டும் வேண்டும் என்றாய். கடையில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. இரண்டு வாங்க நம்மிடமும் வசதியில்லை.

இரண்டாக அறுத்துக்கொள்ளலாம் என்றது யார் என்று இப்போது ஞாபகமில்லை. பக்கத்துச் சந்தில் இருந்த பைண்டரிடம் ஆளுக்குச் சமமாக வேண்டும் என்று கொடுத்துவிட்டு, யாருக்கு முதல் பாதி என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் பாடம் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் கண்ணளவில் நடுவைப் பார்த்துக் கத்தியை வைத்துவிட்டார். நீ அத்தனை நேரம் நின்று படித்த அதே கழிவுநீக்கப் பாடத்துக்கு நடுவில் வெட்டு விழுந்தது. ஆரம்பம் உன் பாதியில், முடிவு என் பாதியில். "ரெண்டு பேருக்கும் சமமாத்தானம்மா கேட்டீங்க" என்றார் அவர். நீ சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

பள்ளி முடிந்துவிட்டதால் தினமும் பார்த்துக்கொள்ள வழியில்லை. நீ கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், நான் வேங்கிக்கால். உனக்கு மற்ற நாட்களில் நிலத்து வேலையும் இருந்தது. பௌர்ணமிக்குத்தான் கிரிவலப் பாதையில், ரமணாசிரமம் தாண்டி, உன் அம்மா எலுமிச்சை ஜூஸ் கடை போடுவார். நீயும் பழம் பிழிய வருவாய். அன்றைக்குப் பாதியை மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். வந்ததும் வராததுமாக, "எதுவரைக்கும்டி படிச்ச?" என்று கேட்பாய். கம்மியாகச் சொன்னால் ஜூஸ் கிடையாது.

வெட்டுப்பட்ட அந்தப் பாடத்தின் முன்பகுதியை நீ என்னைப் படிக்கவே விடவில்லை. நானே சொல்கிறேன் கேள் என்று ஜூஸ் வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாய். "இது கொட்டையை நிறுத்திட்டு மத்ததெல்லாம் கீழ விட்டுடும், அவ்ளோதான் இதுக்குத் தெரியும். கிட்னி அப்படி இல்ல. விட்டுட்டு அப்புறம் போய், வேணுங்கறதத் திரும்ப எடுத்துக்கும். விட்டதுல ஜாஸ்தி திரும்ப வந்துடும்டி." ஜூஸ் கேட்டு நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்கு வராத பாடம் அன்றைக்கு உனக்கும் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது.

அந்த வருட மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. போனில், கம்மியாகிவிட்டது, பௌர்ணமிக்கு வந்துவிடுவேன் என்றாய். கார்த்திகை தீபத்துக்கு முன்பே நீ போய்விட்டாய். உன் வீட்டுக்கு வந்தபோது என்னால் உன் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் மேசை மேல் புத்தகத்தின் பாதி திறந்தபடி இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் படிக்கவில்லை. என்னிடம் இருந்த பாதியைத் தொடவும் பிடிக்கவில்லை. தேர்வு எழுதப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மற்றொரு பாதியைப் போய்க் கேட்டு வாங்கி வா என்றார் என் அம்மா. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டில் போய்ப் புத்தகம் கேட்பதா என்று அவரிடம் கத்தினேன். எழுதினால் உன்னை விட்டுவிட்டுப் போவதாக ஆகும் என்றும் மனதில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தீபத்து அன்று உங்கள் கடை இல்லை. அடுத்த பௌர்ணமிக்கு என் அம்மாவின் தொல்லை தாங்காமல் அவருடன் கிரிவலம் போனேன். உங்கள் இடத்தை நெருங்கும்போது தலையைக் குனிந்துகொண்டேன். கடை இருந்தது. உன் அம்மாவே என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். பழப் பைக்குள் கையை விட்டு உன் பாதியை எடுத்தார். நான் கையை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உன்னுது எங்க பாப்பா?"

எடுத்து வரவில்லை என்றேன். இனி அது வேண்டாம், நான் எழுதப் போவதில்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"மாத்திக்கற நாளாச்சே இன்னைக்கி. நீ ஒண்ணு குடுத்தாத்தான் நான் ஒண்ணு குடுப்பேன். அவ மேசை காலியா இருந்தா எனக்கு ஆகல பாப்பா."

என் அம்மாவைக் கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்தில் திரும்பி நடந்தேன். மலையை எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிற பாதையில் எதிராக ஒருத்தி நடந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எதிரில் வராதே என்று திட்டினார்கள், தோளில் இடித்தார்கள், ஒரு பெரியவர் பாவம் சேரும் என்றார். அழுதுகொண்டே நடந்தேன். வேங்கிக்கால் போய், அலமாரியில் கிடந்த என் பாதியை எடுத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி வந்தேன். உன் அம்மா அதை வாங்கித் தூசி தட்டிவிட்டுத்தான் உன்னுடையதைக் கொடுத்தார். பிறகு, கேட்காமலே, ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார்.

தேர்வு வரைக்கும் ஒரு பௌர்ணமியும் தவறவில்லை. எழுத்துக்கூட்டித்தான் அவருக்கு வாசிக்க வரும். ஆனால் தினமும் விளக்கு வைக்கும்போது உன் மேசையில் இருக்கும் பாதியில் கொஞ்சம் பக்கங்களைப் புரட்டி வைப்பாராம். மாற்றிக்கொள்ளும்போது நீ கேட்டதையே அவரும் கேட்பார். "எதுவரைக்கும் படிச்ச? எனக்கு ரத்தப் பாடம் முடிஞ்சிடுச்சி." அவரிடம் தோற்கக் கூடாது என்று படித்தேன். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே அவரைப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

முழுப் புத்தகமும் படித்தேன், ஒரு பாடத்தின் முன்பகுதியைத் தவிர. அது உன் குரலில் இருக்கிறது. அதன் மேல் அச்செழுத்து விழ நான் விடவில்லை.

இடம் கிடைத்த அன்று முதலில் உன் வீட்டுக்குத்தான் வந்தேன். உன் அம்மா சந்தோஷப்பட்டார், உள்ளே போய் வெகுநேரம் அழுதார், வெளியில் வந்து, அடுத்த பௌர்ணமிக்கு மறக்காமல் எடுத்து வா என்றார். நானும் மறக்கவில்லை. பாடத்திட்டம் மாறிவிட்டது, அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இனி யாரும் தேர்வு எழுத முடியாது. தாள் பழுத்து, முனை எல்லாம் மடிந்துவிட்டது. கல்லூரித் தேர்வு சமயம் தவிர, மாற்றிக்கொள்வது மட்டும் நடக்கிறது.

போன வாரம் வார்டில் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவரின் மனைவி, அவருக்கு உள்ளே என்னதான் ஆயிற்று என்று என்னிடம் கேட்டார். ஜூஸ் வடிகட்டி தெரியுமா அம்மா என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. விட்டதில் வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று உன் வார்த்தையிலேயே சொன்னேன்.

போன முறை உன் அம்மா எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்டபோது, எல்லாம் முடிந்துவிட்டதம்மா என்றேன். "முடிஞ்சா இன்னா, முதல்ல இருந்து படி" என்றார்.

நாளை பௌர்ணமி. காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். என் பாதியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். உன் மேசை காலியாக இருக்காது.