கச்சானுக்கு ஒரு வேகம்

என் சரவணப் பயலே,

எப்படிடா இருக்கே? பதில் வராது என்று தெரியும். ஆனாலும் நீ போனை எடுத்ததும் நான் முதலில் கேட்டது எப்போதும் இதுதானே. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

உன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். உச்சிப்புளியில் நம் வீட்டு முன்னறையிலேயே நாம் இருவரும் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை போட்டபோது, "புதுசு எதுக்குக்கா, இருக்குற ப்ராசஸரையே ஓவர்கிளாக் பண்ணி வேகமா ஓட்டிக் காட்டுறேன்" என்று சவடால் விட்டாயே, அதே கம்ப்யூட்டர். கார்த்திகையும் மார்கழியும் அதன் முன்னாலேயே தவம் கிடந்தாய். தை பிறந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. நீ வைத்துவிட்டுப் போன வேகத்தில் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உன் கை இன்னும் அதற்குள் வேலை செய்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

சித்திரை கழிந்ததும் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் சமர்த்தாக ஓடும். மத்தியானம், வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்க ரெண்டர் போட்டால் பாதியில் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். அதிலும் ஒரு கல்யாண வீடியோ தாலி கட்டும் இடத்தைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெண்ணின் அம்மா போனில், "ஏம்மா, பேரப்புள்ள பொறந்த பெறகுதான் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டார்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திவிட்டா நின்னு ஓடும்க்கா. இல்லாட்டி பயாஸைப் புதுசாப் போட்ருவோம். பழைய செட்டிங்கெல்லாம் அழிஞ்சிரும், பரவால்லையா?" என்றார். பரவாயில்லையாம்! நீ கடைசியாகச் செய்து வைத்த வேலை அது ஒன்றுதான். அது போய்விட்டால் உன்னுடையது என்று எனக்கு வேறு என்ன இருக்கிறது? வந்த கோபத்தில் அவருக்கு டீ கூட வாங்கித் தராமல் அனுப்பிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பிறகு நானே, கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கிற அந்த பயாஸ் திரைக்குள் போனேன். செட்டிங்குகளைப் பெயர் வைத்துச் சேமிக்கும் இடத்தில் முதல் வரியில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் வி, ஏ, டி, ஏ, ஐ. வடை! சிரித்துவிட்டேன். ஒரு கையில் உளுந்த வடையும் மறு கையில் மவுஸுமாக நீ உட்கார்ந்திருந்த கோலம் கண்ணுக்குள் வந்தது. கீபோர்டில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்குதான் போ. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து கிகாஹெர்ட்ஸ், ஒன்று புள்ளி மூன்று வோல்ட். "வேகம் வோல்ட்டைக் கேக்கும்க்கா, வோல்ட் குடுத்தா சூடு ஏறும். நம்ம சிப்புக்கு ஒன்னு புள்ளி மூணைத் தாண்டக் கூடாது, முழு வேலை பாக்கும்போதும் சூடு எம்பத்தஞ்சுக்குள்ள நிக்கணும்" என்று நீ ஓதிக்கொண்டே இருப்பாயே. ஆனால் மத்தியானம் சூட்டு மீட்டர் தொண்ணூற்றேழு காட்டியது. தூசி தட்டினேன், சிப்பின் மேல் சூடு கடத்தத் தடவும் பேஸ்டை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு கவனமானவன் எப்படி இதைக் கோட்டைவிட்டாய்? செத்தவனிடம் சண்டை போடலாமா என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. நன்றாகத் திட்டினேன்.

அப்போதுதான் நம்மைப் பெற்ற அய்யா கடலிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: "வாடை போயி கச்சான் அடிக்க ஆரம்பிச்சிருச்சுத்தா. இங்கன மனுசன் உக்கார முடியல."

வாடை. திரையில் இருந்த அந்த ஐந்து எழுத்தை மறுபடியும் படித்தேன். நீ எழுதியது வடை இல்லையடா, வாடை! மார்கழியில் ஜன்னல் வழியாக வாடைக்காற்று சிலுசிலுவென்று வர, அந்தக் குளிருக்கு ஏற்றபடி போட்ட வேகம். மேற்கேயிருந்து கச்சான் அனலாக அடிக்கும்போது அதே வேகத்தை அது எப்படித் தாங்கும்? அதற்கு என்று இன்னொன்று போடத்தான் இரண்டாவது வரியைக் காலியாக விட்டிருந்தாயோ? உனக்குத்தான் கோடை வரவில்லையே, தம்பி.

அந்த இரண்டாவது வரியில் நான் உட்கார்ந்தேன். மெக்கானிக் சொன்னபடி வோல்டேஜை ஏற்றியிருந்தால் சூடு இன்னும் ஏறி, சிப்பே கருகியிருக்கும். அதனால் முதலில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அப்புறம் வோல்ட்டைத் துளித்துளியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். அதிகமாக இறக்கினால் படுத்துவிடும், ஒரு துளி ஏற்றினால் எழுந்துவிடும். கடைசியில் ஒன்று புள்ளி இரண்டு இரண்டில் நின்றது. உச்சி வெயிலிலும் சூடு எண்பத்திரண்டுதான். இங்கிலீஷ் எழுத்தில் கச்சான் என்று பெயர் வைத்துச் சேமித்தேன். உனக்குக் கீழேயே.

அந்தக் கல்யாணத்தை மறுபடியும் ரெண்டர் போட்டேன். அய்யாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். கெட்டிமேளம் முழங்கும் இடம் வந்தபோது நான் திரையை ஒட்டிக் குனிந்தேன்.

"கட்டிட்டானா?" என்றார் அய்யா.

"கட்டிட்டான்யா!"

சிரித்தோம் பாரு, நீ போன பிறகு இந்த வீட்டுக்குள் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதே இல்லை. உனக்கும் கேட்டிருக்குமோ?

உன் வாடையை யாரும் அழிக்க விடமாட்டேன். ஐப்பசி கடந்து காற்று திரும்பட்டும், அன்றைக்கு முதல் வேலையை உன் வேகத்தில்தான் போடுவேன். பக்கத்தில் ஒரு தட்டில் உளுந்த வடையும் இருக்கும். கை கழுவாமல் கீபோர்டைத் தொட்டாய் என்று இனிமேல் யாரைத் திட்டுவேன் நான்? அதனால் அந்த எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

கச்சான் முடியும்வரை கடையைப் பார்த்துக்கொள்ளும்
உன் அக்கா,
மலர்