உப்பளத்தைத் தாண்டி பதினோரு வீட்டுக்கு லைன்

இன்று காலை எங்கள் மாடியில் இருக்கிற நெட் பெட்டியைத் திறந்தேன். பழைய இஞ்சின் ஆயில் நாற்றம் குப்பென்று மூஞ்சியில் அடித்தது. நீ பூசிய ஆயில்தான். உப்புக் காற்றில் துரு ஏறாமல் இருக்க மண்வெட்டிக்கும் சைக்கிளுக்கும் பூசுகிற மாதிரி, ஒயர் சொருகுகிற ஓட்டையிலெல்லாம் விரலால் தடவி வைத்தாயே! அன்றைக்குப் பதினோரு வீட்டிலும் லைன் செத்தது. என் பேத்தி பவானி பஞ்சு வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, "இதுக்குப் போய் யாராவது எண்ணெ தடவுவாங்களா ஆயா?" என்றாள். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது, நாற்றம் மட்டும் போவேனா என்கிறது.

பெட்டியை ஏன் திறந்தேன் என்றால், இதை மூட்டை கட்டிக் கம்பெனியிடமே கொடுத்துவிடலாம் என்றுதான். பேப்பர் உன் பெயரில் இருக்கிறது. வேறு ஆள் நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் லைனை நிறுத்திவிடுவோம் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மகன் கேட்கிறான்: "ஏம்மா, ஒரு குடும்பம் நெட் கம்பெனி நடத்த முடியுமா? உட்டுத் தொலையேன்."

நானும் இதையேதான் உன்னிடம் முதல் நாளே கேட்டேன். பதினோரு வீட்டுக்காக உப்பளத்தைத் தாண்டி ஒயர் இழுக்க முடியாது என்று கம்பெனி கைவிரித்த அன்று, பக்கத்து வீட்டிலிருந்து நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"ஏண்டி, உன்துதான மாடி ஊடு. மேல டிவி டிஷ்ஷு மாரி ஒரு தட்டு வெச்சா மரக்காணத்துலருந்து லைனு பறந்து வருமாம். நாமளே கம்பெனி வெச்சுடலாம்."

"ஊட்ல கம்பெனியா? பித்து கித்து புடிச்சிருக்குதா உனக்கு?"

நான் சொன்னதை எப்போது கேட்டாய்? மரக்காணத்தில் உன் தங்கை வீட்டுக்கு வாங்கிய ஒரே ஒரு கனெக்‌ஷனை, அவள் மாடியில் ஒரு தட்டும் என் மாடியில் ஒரு தட்டும் வைத்து, தெரு முழுக்கப் பிரித்துக் கொடுத்தாய். ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். ஒரு வீட்டு லைனைத் தெருவுக்கே கொடுக்கக் கூடாதாம், அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டுமாம். என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனாய். "நீயும் குடுக்க மாட்ட, நாங்க குடுத்தாலும் உட மாட்ட. எங்க புள்ளைங்க உப்புப் பாத்தியில நின்னுக்கினு செல்லைத் தூக்கிப் புடிச்சிக்கினு படிக்கணுமா?" என்று நீ போட்ட சத்தத்தில் அந்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் உன்னை ஏஜென்ட் ஆக்கினார்கள். லைசென்ஸ் அவர்களுடையது. தட்டு, ஒயர், தெருவில் வாங்குகிற வசவு எல்லாம் நம்முடையது.

பொங்கல் கழிந்து உப்பளத்தில் தண்ணீர் கட்டினதும் அடுத்த பீடை ஆரம்பித்தது. தினமும் காலையில் லைன் நிற்கும். மதியம் தானாக வரும். கம்பெனி ஆள் மூன்று தரம் வந்து பெட்டியை மாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. அஞ்சாம் கிளாஸ் படித்த நான்தான் கண்டுபிடித்தேன். காலையில் காற்று அடங்கியிருக்கும், பாத்தித் தண்ணீர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி கிடக்கும். கடல் காற்று எழுந்து தண்ணீர் சிலிர்த்ததும் லைன் வந்துவிடும். முப்பது வருஷம் அந்தப் பாத்தியில் நின்று கண் கூசினவள் நான். "நம்ம கண்ணு கூசுற மாரி அதுக்கும் கூசுது, தட்டை ரெண்டு சாண் எறக்கிப் பாப்போம்" என்றேன். ஏணியை நீ பிடித்தாய், நான் ஏறி இறக்கினேன். மறுநாள் காலையில் லைன் நிற்காமல் ஓடியது. கம்பெனி ஆள் வாயைப் பிளந்தார். நீயோ தெரு முழுக்க, "நாங்க கண்டுபுடிச்சோம்" என்று சொல்லித் திரிந்தாய். நாங்களாம்!

இப்போது எல்லாம் என் தலையில். சோற்றில் கை வைத்தால் வாசலில் ஒருத்தர்: "ஆயா, சுத்திக்கினே இருக்குது." முன்பெல்லாம் அவர்களைத் திட்டி அனுப்ப நீ இருந்தாய். எனக்கு ஏணி ஏறத் தெரியும்; நாள் முழுக்கப் பதில் சொல்லத் தெரியாது.

மத்தியானம் அந்தப் பேப்பரோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மருமகள் காதில் போன் மாட்டி, சென்னைக் கம்பெனிக்காக யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். லைன் போனால் அவள் வேலையும் போகும். சென்னைக்குத்தான் போயாக வேண்டும், உன் மகனையும் கூட்டிக்கொண்டு. நீ எதற்காக இதை ஆரம்பித்தாய் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய். "அவ போனா பின்னாடியே அவனும் பூடுவான்டி. அவகிட்ட மட்டும் சொல்லிடாத, தலைமேல ஏறி உக்காந்துக்குவா." எட்டு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல், அவளுக்காகத் தெருவுக்கே ஒயர் இழுத்தவள் நீ. உன்னை என்னவென்று திட்ட?

அதை அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

அவள் போனைக் கழற்றி வைத்தாள். பிறகு வெடித்தாள். "இத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறைஞ்சா பூடுவாங்க? நெட்டு இல்லன்னு கத்துனாக்கா, 'பக்கத்தூட்டுக்காரிய கேளு'ன்னு சொல்லிட்டுப் போவாங்களே பெரியம்மா!"

"எங்கிட்ட மட்டும் இன்னா, கொஞ்சிக்கினா இருந்தா?" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். "ஏணி ஏர்றது நீங்க. போன்ல பதில் சொல்றது நான். அதுதான் தெனம் செய்யறேனே."

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன்: "நீ கேட்டது சரிதாண்டா. ஒரு குடும்பத்தால முடியாது. ரெண்டு குடும்பம் வேணும்."

உன்மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இத்தனை நாள் அதை நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்தேன். இனி உன்னைத் திட்ட எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள்.