பாதி விலை டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

முட்டி வலி. தைலம் நேற்றோடு தீர்ந்தது. மருமகளிடம் சொன்னேன். "பாக்கலாம் அத்தை" என்றாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள் அவள். கைக்கெட்டும் தூரத்தில் நூறு தைலம் இருக்கும். ஆனாலும் பாக்கலாம்.

சாயங்காலம் மகனுக்கு ஃபோன் வந்தது. கடல் தாண்டி அந்தக் கோடியிலிருந்து என் தங்கை மகள். நான் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டான். தங்கைக்கு இடது கண் போய்விட்டதாம். வலது கண்ணும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறதாம். "இன்னும் ரெண்டு மூணு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மா வாயத் திறந்து கேக்க மாட்டாங்க. நானாத்தான் சொல்றேன். பெரியம்மா ஒரு தடவ வந்தாங்கன்னா..."

மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுச்சும்மா?"

"காது நல்லாத்தான் இருக்கு."

மார்ச் 4, புதன்

போகமாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஏன் போகமாட்டேன் என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் கிழவிக்குக் கல் நெஞ்சு என்று பேசக்கூடாது.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருத்தர் சொன்ன வார்த்தையை நான் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. என் வீட்டுக்காரர் போய்ப் பத்தொன்பது வருஷம். அன்றைக்கே தங்கைக்குச் சொல்லி அனுப்பினோம். "வர்றேன் அக்கா, உடனே கிளம்பறேன்" என்றாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு ஃபோன். கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அப்போது ஃபோன் இருந்தது, அதனால் நேரம் தப்பாது. "டிக்கெட் வெல ரொம்ப அதிகம் அக்கா. என்னால வர முடியல. மன்னிச்சுக்கோ." இவ்வளவுதான் சொன்னாள். அதிகம் ஒரு வார்த்தை இல்லை.

அவள் பேசும்போது பின்னால் ஒரு மணி அடித்தது. ஒரு பெண் மைக்கில் ஏதோ சொன்னாள். மறுபடி மணி. ஏதோ பெரிய கடை! அக்கா புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறேன், இவ கடைக்குள்ள நின்னுக்கிட்டு எனக்கு விலை சொல்றா. எத்தன ரூபாடி நான் உனக்கு? எத்தன?

ஃபோனை வைத்தேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடும்போதெல்லாம் நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்வேன். பத்தொன்பது வருஷமாகக் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மாடியில் காய்ந்த போர்வையை ஒற்றை ஆளாக மடித்தேன். ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, மறுமுனை தரையில் புரள. போர்வை மடிக்கிற வேலை ஒரு ஆளுக்கானதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் நானும் அவளும் ஜோடி. அவளுக்கு இரண்டு முனை, எனக்கு இரண்டு முனை. உதறுவோம், விறைப்பாக இழுப்போம், நடந்து வந்து நடுவில் சேருவோம். அவள் முனையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றிருபது. ஒரு வார்த்தை பேச வேண்டாம், கால் தானாக நடக்கும். கை சேரும்போது மட்டும் நறுக்கென்று கிள்ளுவாள். நான் கத்துவேன். மேற்பார்வை பார்க்கிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் 'இஸ்திரிப்பெட்டி'. வந்து முறைக்கும். இவள் தரையைப் பார்த்து நிற்பாள், பச்சைப்பிள்ளை மாதிரி.

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரே கட்டில். வாரத்துக்கு ஒருத்தி என்று முறை வைத்திருந்தோம். அவள் முறை வந்தால், "கீழ படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது, நீ மேல படு" என்பாள். சிமெண்டுத் தரையில் எவளுக்கு வரும் தூக்கம்? பொய் சொல்வதில் அவளுக்கு இணை கிடையாது.

கல்யாணமாகி அவள் விமானம் ஏறி நாற்பத்தொரு வருஷம். அப்போது டிக்கெட் என்றால் சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். தாளுக்குத் தாள் சிவப்புக் கார்பன். அதை ஒரு வாரம் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தோம், விரலெல்லாம் சிவப்பு. ஒரு வேன் நிறைய ஆள் போய் வழியனுப்பினோம். அவள் எழுதிய முதல் கடிதம் எனக்கு மனப்பாடம். "அக்கா, ரொட்டி குடுத்தாங்க, வெண்ணெய் குடுத்தாங்க, தலகாணி, போர்வ எல்லாம் சும்மா. போர்வைய நாலா மடிச்சு வச்சேன். போர்வ குடுத்த பொண்ணு நீங்க என்ன வேல பாக்கறீங்கன்னு கேட்டுது." கடிதத்துக்குள் விமானத்தில் கொடுத்த உப்புப் பொட்டலம் ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்கு. அதை நான் பிரிக்கவே இல்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று இதில் எழுதமாட்டேன். மருமகள் படித்தாலும் படிப்பாள்.

மார்ச் 14, சனி

மகனிடம் சொல்லிவிட்டேன். "போறேன். அவளுக்குக் கண்ணு தெரியும்போதே என் கோவத்த அவ பாக்கட்டும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மருமகள் ஃபோனில் டிக்கெட் கண்டுபிடித்துவிட்டாள். மற்றதெல்லாம் சொல்லும் விலையில் சரி பாதி. செவ்வாய்க்குள் எடுத்தால்தான் அந்த விலையாம். என்ன சுறுசுறுப்பு! என்னை அனுப்புவது என்றால் 'பாக்கலாம்' எல்லாம் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

அந்தப் பாதி விலையை இன்று மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தோம். மருமகள் படிக்கப் படிக்க மகன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான்.

"கைப்பை ஏழு கிலோ. பெட்டி போட்டா தனிக் காசு, அத்தை."

"ஏழு கிலோ என் சேலைக்கும் மாத்திரைக்குமே காணாதே."

"பெட்டிக்கு இப்பவே கட்டிடணும். அங்க போய்க் கட்டினா மூணு மடங்கு. உக்கார்ற சீட்டுக்குத் தனி."

"கட்டலேன்னா? நின்னுக்கிட்டு வரணுமா?"

"எங்க குடுக்கறாங்களோ அங்க உக்காரணும். சாப்பாட்டுக்குத் தனி. தண்ணி பாட்டிலுக்கும் காசுதான். போர்வைக்குத் தனி. அப்புறம் டிக்கெட்ட அச்சடிச்சுக் கொண்டு போகணும், அவங்க கவுண்டர்ல அச்சடிச்சா அதுக்கும்..."

"பறக்கறதுக்குத் தனியாக் கேக்கலியா?"

மகன் தாளைத் திருப்பிக் காட்டினான். பாதி இப்போது முக்கால் ஆகியிருந்தது. நடுவில் ஒரு ஊரில் பதினோரு மணி நேரம் வேறு காத்திருக்க வேண்டும். நாற்காலியில்தான். முட்டியை நினைத்தேன்.

"முக்கால்னாலும் கால் மிச்சம்தானே அத்தை" என்றாள்.

அதுவும் சரிதான். வாழ்க்கை பூராவும் அந்தக் காலை மிச்சம் பிடித்துத்தான் ஒரு பிள்ளையை வளர்த்தேன். நாளைக்குப் பணம் கட்டிவிடச் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் மகன் வேன் ஓட்டப் போனபின் வீட்டு ஃபோன் அடித்தது. குளிக்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. நானே எடுத்தேன். அவள்தான். குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, மற்றபடி அதே குரல்.

எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. "மக சொன்னா, நீ டிக்கெட் எடுக்கறியாமே. ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா? நடுவுல எந்த ஊரு? பெட்டி நேரா இங்க வருமா, அங்கயே எடுக்கணுமா?" என்று வரிசையாகக் கேட்டாள். போலீஸ்காரன் மாதிரி.

"உனக்கென்னடி? காசு உங்கிட்ட கேட்டேனா?" என்றேன். பத்தொன்பது வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"பணம் கட்டாத அக்கா. யாராவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டுக் கட்டு. இது மட்டும் கேளு."

வைத்துவிட்டேன். நான் வருவது பிடிக்கவில்லையோ? என் முகத்தில் விழிக்க அவ்வளவு கஷ்டமா?

மகனைக் கூப்பிட்டு இன்று கட்டவேண்டாம் என்றேன். அவள் சொன்னதற்காக இல்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பஸ் நிலையத்துக்கு எதிரே டிக்கெட் கடை. முப்பது வருஷமாக அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார். தலைமுடிதான் இல்லை. மருமகளின் ஃபோனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது ஒரே டிக்கெட் மாதிரி தெரியும்மா, ஆனா ரெண்டு. ரெண்டு வேற வேற கம்பெனி. நடுவுல எந்த ஊருன்னு பாத்தீங்களா? பெட்டி நேராப் போகாது, நீங்க அங்க வெளிய போய் எடுத்து மறுபடி போடணும். வெளிய போக அந்த நாட்டு விசா இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப அங்கயே நிக்க வேண்டியதுதான். ரெண்டாவது ஃப்ளைட்டு உங்களுக்காக நிக்காது. காசும் திரும்ப வராது. அடுத்த விமானத்துல வந்த வழியே அனுப்பிடுவாங்க. நெறையப் பேருக்கு நடந்திருக்கு."

ஒரு டிக்கெட்டா, ரெண்டா. நடுவில் எந்த ஊர். பெட்டி நேராக வருமா.

அவள் கேட்ட அதே மூன்று. அதே வரிசை. டிக்கெட் விற்கிற ஆளுக்குத் தெரியும், சரி. சலவைக்கூடத்தில் போர்வை மடித்தவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே போனதிலிருந்து அவள் திரும்பி விமானம் ஏறியதே இல்லையே.

ஏறியதே இல்லையா?

அன்றைக்கு ஃபோனில் மணி அடித்தது. மைக்கில் ஒரு பெண். மறுபடி மணி. கடையில் யார் ஒவ்வொரு பேச்சுக்கும் மணி அடிப்பார்கள்? வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. வந்தவுடன் நானே ஃபோன் போட்டேன்.

"அன்னிக்கு எங்கேருந்துடி பேசினே?"

"ஏன் இப்ப?" என்றாள்.

"பின்னால மணி அடிச்சுதே."

"ஃப்ளைட்டு கிளம்பறத சொல்வாங்க அக்கா."

அப்புறம்தான் கொட்டினாள். கிடைத்ததிலேயே மலிவான டிக்கெட், கடன் வாங்கி எடுத்தாள். இரண்டு கம்பெனி என்று தெரியாது. "வெளிய விடமாட்டேன்னுட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெட்டி சுத்திக்கிட்டே இருந்துது. இந்தப் பக்கம் நான். கூடச் சுத்துன பெட்டியெல்லாம் ஒவ்வொண்ணா யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்னோடது மட்டும் சுத்துச்சு. ரெண்டு நாள் அங்கதான் உக்காந்திருந்தேன்."

"அத ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"மாமா போய்க் கிடக்காரு, நீ அழுதுக்கிட்டிருக்க. பாதி வழியில வந்து மாட்டிக்கிட்டேன்னா நீ எனக்காகவும் சேத்து அழுவ. கஞ்சம்னு நெனச்சா திட்டுவ. திட்டினா கொஞ்சம் தெம்பாயிருக்கும்னு..."

பாவி. தெம்பாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷம்.

மார்ச் 18, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20, வெள்ளி

டிக்கெட் கடைக்காரரிடமே எடுத்தாயிற்று. ஒரே டிக்கெட், ஒரே கம்பெனி. பெட்டி நேராகப் போகும். சக்கர நாற்காலி கேட்டால் சும்மாவே தருவார்களாம். இதை ஏன் யாரும் முதலில் சொல்லவில்லை? முழு விலைதான். என் கடைசிக் காரியத்துக்கு என்று தபால் ஆபீசில் போட்டிருந்ததை எடுத்தேன். மகன் முகம் சுருங்கியது.

"அது எதுக்கும்மா வச்சிருந்தே, மறந்துட்டியா?"

"செத்தப்புறம் எனக்கென்னடா செலவு? நீ பாத்துக்க."

இன்னும் கொஞ்சம் குறைந்தது. மருமகள் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவளைப் பற்றி இதுவரை எழுதியதை அடிக்கமாட்டேன், நடந்தது நடந்ததுதான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

விசா வந்துவிட்டது. நாளைக்குக் கிளம்புகிறேன். பெட்டியை மூன்று தடவை கட்டிப் பிரித்தாயிற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். ஒரு கண்ணில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் அவளுக்கு வெளிச்சம். என் முகத்தை முழுசாகப் பார்க்க முடியவில்லை. துண்டு துண்டாகப் பார்த்தாள். முதலில் நெற்றி. பிறகு மூக்கு. தாடையைப் பிடித்துத் திருப்பிக் காதோரம்.

"கிழவியாயிட்டியே அக்கா."

"நீ மட்டும் என்ன, குமரியா?"

நான் கொண்டுவந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மத்தியானம் அவள் மகள் வேலைக்குப் போனபின், "என்னமோ எழுதறியே, படிச்சுக் காட்டேன்" என்றாள். சலவைக்கூடத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இஸ்திரிப்பெட்டி வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "முன்னால என்ன எழுதியிருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மருமக புராணம்."

"ரெண்டு மூணு தாள் சேந்து பொரண்டுச்சே, சத்தம் கேட்டுச்சு. மருமகளா, நானா?"

"நீதான்."

"அப்ப அத மொதல்ல படி."

படித்தேன். ஒரு வரி விடவில்லை. முடிந்ததும் அவள் கையை நீட்டி, "கிட்டக் கொண்டா, ஒங் கையெழுத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். நோட்டை அவள் மூக்கில் இடிக்கும் தூரத்தில் பிடித்தேன். தலையை மெல்ல நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். என் கை கடுத்துப்போனது. எடுக்கவில்லை.

"என்னத் திட்டுனதக்கூடக் கோடு தப்பாம எழுதியிருக்கியே அக்கா" என்றாள்.