இரண்டாவது பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

கடைவாய்ப் பல் நான்கு நாளாக உயிரை வாங்கியது. இன்று பல் டாக்டரிடம் போனேன். போன இடத்தில் பல்வலியே மறந்துவிட்டது.

காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு போஸ்டர். பல் துலக்கும் பையன். கலைந்த தலை, ஒல்லிக் கழுத்து, ஒரு காலைச் சாய்த்து நிற்கும் நிற்பு. என் பையன்! பதினோரு குழந்தைப் புத்தகங்களில் நான் வரைந்தவன். ஆனால் இதை நான் வரையவில்லை, சத்தியமாக வரையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

முதல் புத்தகத்தில் அந்தப் பொத்தானைப் போட மறந்தேன். வண்ணம் பூசும் என் அக்காவும் கவனிக்காமல் நீலத்தை இழுத்துவிட்டாள். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு எல்லாப் புத்தகத்திலும் வேண்டுமென்றே விட்டுவிடுவோம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போஸ்டரின் ஓரத்தில் பொடி எழுத்து: செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படம்.

திருட்டுப் பசங்க. இல்லாத பொத்தானைக்கூட விட்டுவைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

இவரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். "மெஷின் உன் புத்தகத்தையெல்லாம் முழுங்கிட்டு ஏப்பம் விட்டிருக்கு. ஏப்பத்து மேல கேஸ் போட முடியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதமாக ஒரு படம்கூடக் கேட்டு யாரும் வரவில்லை. கடைசியாகப் பேசிய பதிப்பக ஆசிரியர், "இப்ப ஆபீஸ்லயே நாங்களே பண்ணிக்கிறோம் மேடம்" என்றார். எதை வைத்துப் பண்ணிக்கொள்கிறார்கள் என்று நேற்றுத்தான் புரிந்தது.

அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வக்கீலம்மாவின் அலுவலகம். மாடியில் ஒரே அறை, பீரோவுக்கு மேலெல்லாம் கோப்பு. பதினோரு புத்தகங்களையும் மேஜையில் அடுக்கினேன். பொறுமையாகப் புரட்டினார்.

"உங்க கை மாதிரி வரையக் கூடாதுன்னு யாரையும் தடுக்க முடியாதும்மா. பாணிக்குக் காப்புரிமை கிடையாது. ஆனா கேக்காம கொள்ளாம இந்தப் புத்தகங்களை எடுத்து மெஷினுக்குக் குடுத்திருந்தா, அதைக் கேக்கலாம். ஜெயிச்சிடுவோம்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

பிறகு அட்டையில் இருந்த இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டார். "இவங்க?"

"அக்கா."

"கூட்டுப் படைப்பு. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். முதல்ல அந்தப் போஸ்டரைச் செஞ்சது யாருன்னு பார்ப்போம். நோட்டீஸ் அவங்க பேருக்குத்தான் போகும்."

யார் பேருக்கோ போகட்டும். நல்லா வேணும்.

மார்ச் 14, வெள்ளி

மேஜையின் எதிர்ப் பக்கத்தை இன்று துடைத்தேன். மூன்று வருடமாக அங்கே இஸ்திரிக்குப் போகும் துணிதான் கிடக்கிறது. முன்பு அக்கா உட்கார்ந்திருப்பாள். நான் கோடு போட்டு முடிப்பதற்குள் பக்கத்தைத் தன் பக்கம் இழுப்பாள். "காயட்டும்க்கா, இழுக்காதே!" என்று நான் கத்தாத நாள் இல்லை. மை இழுபட்ட இடத்தில் ஒரு மேகமோ நிழலோ போட்டுச் சமாளிப்பாள். எங்கள் புத்தகங்களில் இவ்வளவு மேகம் ஏன் என்று ஒருத்தர் கட்டுரையே எழுதினார். அவருக்கு என்ன தெரியும்!

யாராவது வந்து இழுக்க மாட்டார்களா என்றிருக்கிறது.

மார்ச் 19, புதன்

விளம்பரக் கம்பெனி போஸ்டரின் மூலக்கோப்பை அனுப்பிவிட்டது. செய்தவர் பெயரை மட்டும் இன்னும் தரவில்லையாம். வக்கீலம்மா படத்தைத் திரையில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

"இங்க பாருங்க. மெஷின் பொத்தான் போட்டிருக்கு. அதுக்கு மேல யாரோ கையால நீலத்தைப் பூசி மூடியிருக்காங்க. எதுக்கு மூடணும்?"

பார்த்தேன். மூன்று சிறிய இழுப்பு, மேலிருந்து கீழே, கடைசி இழுப்பு கொஞ்சம் இடது பக்கம் வளைந்து.

அந்த வளைவை எனக்குத் தெரியாதா? இருபது வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

"தெரியலை மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

அக்காவோடு சண்டை என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். சண்டையே இல்லை. பன்னிரண்டாவது புத்தகத்துக்குப் பதிப்பகத்தில், "கோடு மட்டும் நீங்க குடுங்க, கலரைக் கம்ப்யூட்டரே போட்டுடும், சீக்கிரம் முடியும்" என்றார்கள். நான் சரி என்றேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகம் கடைக்கு வந்துதான் அவளுக்குத் தெரிந்தது. போன் வரும், திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவள் இடத்தில் மெஷினை முதலில் உட்கார வைத்தது யார்? நான்தானே. இப்போது நோட்டீஸ் வேறு அனுப்பப் போகிறேனாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

மார்ச் 24, திங்கள்

வக்கீலம்மா போன் செய்தார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இவர் வெளியே போனதும் கூப்பிட்டேன். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"ம்."

"அக்கா, அந்தப் பையன் போஸ்டர்..."

"எங்க பார்த்த?"

"பல் டாக்டர்கிட்ட."

"எந்தப் பல்லு? கடைவாயா? சின்ன வயசுலேருந்து சொல்றேன், ஒரு பக்கமாவே மெல்லாதேன்னு."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் பேசியது இது. பிறகு அவளே போஸ்டர் பேச்சுக்கு வந்தாள்.

"வீட்ல இருந்தே ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் படம் பண்ணிக் குடுக்குறேன். மெஷின்ல 'பல் துலக்கும் பையன்'னு அடிச்சேன், அவ்வளவுதான். வந்து நின்னான். உன் கோடு, அப்படியே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மூணு வருஷமா யார் யாரோ கோட்டுல கலர் போட்டுப் பார்த்தேன்டி, கையே ஓடலை. அவனைப் பார்த்ததும் திருப்பி அனுப்ப மனசு வரலை. ரெண்டாவது பொத்தான் இருந்துது பாரு, அதைத்தான் பார்க்கச் சகிக்கலை. மூடிட்டேன்."

"அந்தப் பன்னிரண்டாவது புத்தகம், அக்கா... தப்புக்கா. பெரிய தப்பு."

"வாங்கிப் பார்த்தேன். வானம் பூரா பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்துது."

"ஆமாக்கா."

"சரி, வை. அடுப்புல பால் இருக்கு."

மன்னித்துவிட்டாளா? பால் நிஜமாகவே இருந்ததா? ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எந்தப் பல் என்று கேட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பன்னிரண்டாவது புத்தகம் உட்பட. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போஸ்டர் பண்ணினவங்களை விட்டுடுவோம். புத்தகங்களை எடுத்து மெஷினுக்குக் குடுத்த கம்பெனியைக் கேப்போம். அதுக்கு அக்கா வரணும்."

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'நம்ம புத்தகங்களுக்காகக் கேஸ் போடுறோம். இருபத்தெட்டாம் தேதி, காலை பதினொரு மணி, வக்கீல் ஆபீஸ். உன் கையெழுத்தும் வேணும். வருவியா?'

ஏப்ரல் 16, புதன்

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

பதில் இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று.

ஏப்ரல் 28, திங்கள்

பத்தரைக்கே போய் உட்கார்ந்தேன். அக்கா எனக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "பல்லு சரியாயிடுச்சா?" என்றாள். கையெழுத்துப் போட்டாள். மனுவில் எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என்ன ஆகும் என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது, வருடக்கணக்கில் இழுக்கலாமாம்.

பிறகு வக்கீலம்மா கேமராவை நிறுத்தி வைத்தார். "எப்படிச் சேர்ந்து வேலை செய்வீங்கன்னு ஒரு பக்கம் செஞ்சு காட்டுங்க. பதிவு பண்ணி வெச்சுக்கலாம்."

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேனாவை எடுத்தேன். தலை, கழுத்து, சாய்ந்த கால், சட்டை. முதல் பொத்தான். மூன்றாவது பொத்தான். நான்காவது.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவளைப் போல் காத்திருந்தாள். பக்கத்தைத் தொடவேயில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னக்கா பார்த்துட்டு இருக்கே? இழு."

"இன்னும் காயலையே."

"பரவாயில்லை, இழு."

இழுத்தாள். பையனின் தோளில் மை தீற்றிக்கொண்டு போனது. அக்கா தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள்.