ஊருக்குப் போனவன்

டாக்டரம்மாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. நீங்களும் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். பெரிய பேரன் கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். நம் அபி, சட்டக் கல்லூரியின் மராட்டிப் பேச்சுப் போட்டியில் மராட்டிப் பிள்ளைகளையே தோற்கடித்து முதல் பரிசு வாங்கினாள். நான்கு வயதில் வாயே திறக்காமல் இருந்த அபி! கோப்பையைத் துடைத்துத் துடைத்தே என் முந்தானை நைந்துவிட்டது.

அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில்தான் பாரிஸிலிருந்து வந்த புத்தகம் இருக்கிறது. உங்கள் மாணவி ஒருத்தர் உங்கள் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். அட்டையில் உங்கள் முகம். அபி போனை வைத்து மொழிபெயர்த்து, தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லச் சொல்ல, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வாய் பிளந்து கேட்கிறேன்.

நான் அறிந்த நீங்கள் வேறு. குளிர்காலந்தோறும் இங்கே ஔந்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு, உங்களிடம் படித்த டாக்டரின் வீட்டுக்கு வந்து தங்குவீர்கள். புதுச்சேரியில் தமிழ் ஆயா வளர்த்த பிரெஞ்சுப் பிள்ளை என்பதால் ஆயாவின் தமிழ் மட்டும்தான் உங்களுக்கு வரும். எல்லோரும் உங்களுக்கு 'நீ'தான். பேங்க் மேனேஜரான என் மகனையே, "ஏ, நீ போயி மொதல்ல கை கழுவு" என்று விரட்டினீர்கள். அவனும் போய்க் கழுவிவிட்டு வந்தான்.

அபிக்கு நான்கு வயதான அந்தக் குளிர்காலத்தில், அவளோடு இரட்டையாய்ப் பிறந்த சின்னவன் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். பிள்ளை தாங்க மாட்டாள் என்று, நான்தான் அவன் படங்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "தம்பி ஊருக்குப் போயிருக்கான்" என்று அவளிடம் சொன்னேன். வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அபி பேச்சை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் காதில் குறையில்லை என்றார்கள். பள்ளியிலோ, 'வீட்டில் தமிழை விட்டு இங்கிலீஷில் பேசிப் பாருங்கள்' என்றார்கள். கம், கோ, ஈட் தவிர எனக்கு என்ன தெரியும்? அதையும் பேசிப் பார்த்தேன்.

மருமகள் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். நீங்கள் வந்து அபியோடு தரையில் உட்கார்ந்தீர்கள். நான் முறுக்குத் தட்டை வைத்தேன். அவள் இரண்டு எடுத்தாள். ஒன்றைத் தின்றாள், இன்னொன்றை வாசற்கதவு ஓரம் கொண்டுபோய் வைத்தாள்.

"அது யாருக்கு?" என்று அவளைக் கேட்டீர்கள்.

"எறும்புக்கு வைப்பாம்மா. தெனமும் இப்படித்தான்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு காமு. நான் ஒன்னையா கேட்டேன்?"

அபி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் வெகுநேரம் அதையே பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊருக்குப் போனவன் எப்ப வருவான் காமு?" என்றீர்கள்.

"நீங்க டாக்டர், நீங்களே அவகிட்ட சொல்லிருங்கம்மா."

"பொய் சொன்னது நீ. நீயே சொல்லு. நெசத்த சொன்னா புள்ள ஒடஞ்சி போவாது."

பெட்டியைத் திறந்தேன். படத்தை அவள் மடியில் வைத்து, "தம்பி செத்துப் போயிட்டான் கண்ணு. இனிமே வரமாட்டான்," என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் அழவில்லை. படத்தில் அவன் சட்டைப் பொத்தானை விரலால் தடவினாள். பிறகு எழுந்து போய்க் கதவோரம் இருந்த முறுக்கை எடுத்து வந்து உங்கள் கையில் வைத்தாள். கட்டுப்பல்லோடு அதை மென்று முடிக்க நீங்கள் பட்ட பாடு!

மூன்றாம் நாள் சாயங்காலம் என் மகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்பா, தம்பி வரமாட்டான்," என்றாள். அவன் ஒற்றைச் செருப்போடு அங்கேயே உட்கார்ந்து அழுதான். துக்கமா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதை உங்களுக்கு எது கற்றுக்கொடுத்தது என்பது புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஆறு வயது. ஆயா இறந்ததைச் சொல்லாமல், அடுத்த கப்பலில் வருவாள் என்று பொய் சொல்லி உங்களைப் பிரான்ஸுக்கு ஏற்றிவிட்டார்களாம். ஒரு வருடம் நீங்கள் யாரோடும் பேசவில்லையாம். பின்னால் மனநல டாக்டராகி, பேசாத பிள்ளைகள் இருந்த ஆஸ்பத்திரியில் தரையில் உட்கார்ந்தபோது பெரிய டாக்டர்கள் சிரித்தார்களாம். அதே ஆட்கள் பிறகு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் படமும் இருக்கிறது. அத்தனை பேர் உட்கார்ந்து பாடம் கேட்ட ஆளையா நான், சமையலறைக்குள் செருப்போடு வந்ததற்காகத் திட்டினேன்! அந்தக் கப்பலைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன மாதம் எதிர் ஃபிளாட் டாக்டருக்குச் செய்தி வந்தது. என் பிரஷரை நினைத்து, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லலாம் என்றான் மகன். அபி விடவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, டாக்டரம்மா செத்துப் போயிட்டாங்க," என்றாள். நான் உடைந்து போகவில்லை, அம்மா.

சின்னவன் படம் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் உங்களுக்கும் ஓர் ஆணி அடித்தாயிற்று. நீங்கள் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எந்தக் கடிதத்தையும் நான் இதை எழுதாமல் முடித்ததில்லை: புதிதாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள்.

காமு