ஒப்பந்தப் பிரதி இருந்த இடம்

புதன்கிழமை, இரவு

குண்டசாலையில் இன்னும் கட்டி முடியாத மாடி வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகிறது. ஒப்பந்தப் பிரதி வரவில்லை என்று இன்று வீடு கட்டும் கம்பெனிக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன். அங்கே வேலை செய்யும் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "போன கிழமையே உங்க வீட்டு சேர்கிட்ட குடுத்தாச்சு மிஸ். சைன் வெச்சுத்தான் எடுத்துட்டுப் போனாரு." பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். சாமி அலுமாரியைத் திறந்தார். முருகன் படத்துக்குப் பின்னால், ஒட்டியது ஒட்டியபடி உறை இருந்தது.

"வெள்ளிக்கிழமை பூசை வெச்சுப் பிரிக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அன்னைக்கே பிரிச்சிருப்ப."

இன்றே பிரித்தேன். பால்கனியும் விலையில் சேர்ந்தது என்று கையெழுத்தன்று பேனாவால் எழுத வைத்த வரி, எல்லாருடைய கையொப்பத்தோடும் அப்படியே இருந்தது. அதைத்தான் பிரதியில் விட்டுவிடுவார்களோ என்று இத்தனை நாள் தூக்கமில்லை. இப்போது தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

காலையில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு நல்ல நேரம் எது என்று இவரிடம் கேட்கப் போவதில்லை.